விலை சொல்வதும் விலை போவதும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வீட்டை விற்றுப்பார் என்று சொல்லாமற் போயினர். பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடிந்த அவர்களுள் பெரும்பாலோர்க்கு வீட்டை விற்கும் தேவை நேரவில்லை. நம்மைப்போல் ஊரை விட்டுப் புறப்பட்டு வந்தோர்க்கோ அத்தேவை என்றேனும் ஒருநாள் வந்தே தீருகிறது. பிழைப்பு செகந்திராபாத்தில், பிள்ளைகளின் பள்ளியும் இங்கேயே, பெற்றோர் கட்டிய வீடு மட்டும் ஓர் இரவுப் பயணத் தொலைவில் பூட்டிக் கிடக்கிறது.

சங்கத்து அன்பர்கள் சிலர் அண்மையில் நம்மிடம் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களில் கேட்டனர். "ஊரில் வீடு விலை போகவில்லை. வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். சொன்ன விலையைக் குறைக்கலாமா, இன்னும் பொறுத்திருக்கலாமா?" என்பதே அவ்வினா. இவ்வினா நம் குடும்பத்திலும் எழுந்துள்ளது. ஆதலின், பிறர் வீட்டுக் கதையைத் தேடிப் போகாமல், நம் வீட்டுக் கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்திங்கள் சில கூற விழைகிறோம். தொகைகளை மட்டும் கணக்கின் வசதிக்காக முழு எண்களாக்கியுள்ளோம்.

நாகலாபுரத்தை அன்பர்களுள் பலர் அறிவர். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி வழியாகப் புத்தூருக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் பெயரை அவ்வூருக்கு இட்டார் என்பர். மச்சாவதாரக் கோலத்தில் திருமால் எழுந்தருளியுள்ள வேதநாராயணர் கோயில் அங்கே உள்ளது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திர, சென்னை மாநிலங்களின் எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது, திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்தைச் சேர்ந்தன. அந்த எல்லைப் புறத்தில் இன்றும் ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாகலாபுரம், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

அவ்வூரில் நம் தந்தையார் தம் சம்பளத்தைச் சேமித்துக் கட்டிய வீடு ஒன்று உண்டு. உயில் எழுதாமல் அவர் மறைந்தார். தாமே ஈட்டிய பொருளுக்கு உரியவர் உயிலின்றி இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் உயிரோடிருப்பின் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. எனவே நம் வீட்டுக்கு உரியவர் நால்வர்: நம்மோடு இங்கே வசிக்கும் அன்னையார், ஆவடியில் வேலை பார்க்கும் தமையனார், நாம், நாராயணவனத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை. தங்கையின் வீட்டார் நெசவுத் தொழிலினர்.

வீட்டுக்கு நாங்கள் சொன்ன விலை 32 இலட்சம். சொல்லி ஈராண்டு ஆயிற்று. பார்த்துப் போனவர் பலர். உண்மையாக விலை கேட்டவர் இருவர். ஒருவர் 26 இலட்சம் என்றார். மற்றவர் 27 வரை வந்தார். தமையனார் இரண்டையும் மறுத்துவிட்டார். "தம்பி, அப்பா செங்கல் செங்கல்லாகச் சேர்த்த வீடு. அதை அடிமாட்டு விலைக்கா தள்ளிவிடுவது?" என்று கேட்டார். அக்கேள்விக்கு உடனே மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. தங்கையோ ஒன்றும் பேசவில்லை.

முதலில், 32 இலட்சம் என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வோம். சில ஆண்டுகட்கு முன் சாலையோரத்து வீடு ஒன்று நல்ல விலைக்குப் போயிற்று. அதை அளவுகோலாகக் கொண்டோம். நம் வீடு உள்தெருவில் இருப்பதை அப்போது எவரும் எண்ணவில்லை. இரண்டாவது, ஸ்ரீசிட்டி. 2008இல் சத்தியவேடு, வரதையபாளையம் பக்கத்தில் அத்தொழில் நகர் தோன்றியது முதல், அச்சுற்றுவட்டாரத்தில் தரகர் வாயில் அப்பெயர் ஒலிக்காத பேரம் இல்லை. ஆனால் அங்கே ஆலை எழுந்தது என்பதால் இங்கே உள்தெருவில் உள்ள பழைய வீட்டுக்கு ஆள் வந்துவிடுவதில்லை. மூன்றாவது, கோயில் விழா. மார்ச்சு மாதத்தில் மாலைக் கதிரவனின் ஒளி மூலவர் மீது படும் நாட்களில் ஊரில் கூட்டம் நிறைந்துவிடும். அக்கூட்டத்தைப் பார்ப்போர்க்கு ஊரே பெரிதாகிவிட்டதாகத் தோன்றும். கும்பிட வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுத் திரும்புவர். வீடு வாங்க வந்தவர்கள் அல்லர்.

ஆக, 32 என்பது நம் விருப்பம். 26உம் 27உம் பிறர் தம் பணத்தை எண்ணிப் பார்த்துச் சொன்ன எண்கள். விலை சொல்வது வேறு; விலை போவது வேறு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை உணர்வதே இவ்விஷயத்தில் முதற்படி.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990களில் வீட்டு விலைகள் விழுந்து மீண்ட காலத்தை ஆராய்ந்த ஜெனசோவ், மேயர் என்னும் இரு பொருளியலறிஞர் 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாம் வாங்கிய விலைக்கும் குறைவாக விற்க நேருமோ என்று அஞ்சியவர்கள், பிறரைவிட உயர்த்தியே விலை சொன்னார்கள் என்று கண்டனர். அவர்களுக்குச் சற்றே கூடுதல் விலை கிடைத்ததும் உண்மை. ஆயினும் அவர்கள் வீடுகள் விற்பனையாகாமல் நெடுநாள் கிடந்தன. பொறுத்தால் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் பொறுத்தலுக்கும் ஒரு விலை உண்டு என்பதே அதனால் பெறப்படுவது.

அடுத்து, சந்தை ஏன் உறங்குகிறது என்று கேட்க வேண்டும். எல்லாத் தேக்கமும் விலையால் வருவதன்று. நாகலாபுரத்துக்கு அண்டையில், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் நிகழ்ந்ததைக் காண்க. 2016 செப்டம்பர் 9ஆம் நாள், அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இரு திங்களுக்குள், நவம்பர் 8ஆம் நாள், 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. நிலச் சந்தை நின்றுபோயிற்று. 2017 மே மாதத்தில் மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. அவ்வாண்டு ஜூன் 9 முதல் அரசே தன் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்தியது. 2023இல் மதிப்பு பழைய அளவுக்குத் திரும்பியது. கட்டணம் 2 விழுக்காடாயிற்று.

இதில் நாம் கற்பவை இரண்டு. அரசுகூடத் தான் எழுதிவைத்த மதிப்பைக் குறைக்க வெட்கப்படவில்லை என்பது ஒன்று. காகிதம் சரியில்லாத மனையை எவ்வளவு விலை குறைத்தாலும் விற்க இயலாதிருந்தது என்பது மற்றொன்று. அம்மனைகளுக்கு வேண்டியிருந்தது விலைக் குறைப்பு அன்று. பத்திரம் பதியும் வழி.

ஆதலின் விலையில் கைவைப்பதற்கு முன் காகிதத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆந்திரத்துச் சிற்றூர்களில் ஊர்க்குடியிருப்பு நிலத்தைக் கிராம கண்டம் என்பர். நாம் தமிழில் கிராம நத்தம் என்கிறோமே, அதுதான். தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்தும், தனித்த உரிமைச் சீட்டு இல்லாத வீடுகள் பல. இத்தகைய வீடுகளை அளந்து உரிமை அட்டை வழங்கும் பொருட்டே 2020 ஏப்ரல் 24ஆம் நாள் நடுவணரசு ஸ்வாமித்வா திட்டத்தைத் தொடங்கியது. வாங்குவோர் வங்கிக் கடனை நம்பி வருவாராயின், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வரி ரசீது ஆகிய எல்லாவற்றையும் வங்கி கேட்கும். வாரிசுகளுள் ஒருவர் கையெழுத்துக் குறைந்தாலும் கடன் கிடையாது. திருமணமாகிப் போனவள்தானே என்று தங்கையின் கையெழுத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் நம்மவரிடம் இன்னும் உண்டு. அதனால் முறிந்த பேரங்கள் எத்தனையோ. நம் வீட்டில் இவையெல்லாம் சென்ற ஆண்டே ஒழுங்காயின. ஆகவே எங்களைத் தடுப்பது காகிதம் அன்று. விலையே என்பது தெளிவாயிற்று.

வாங்குவோர் பக்கமும் சற்று நின்று பார்ப்பது நன்று. ஆந்திரத்தில் முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஏழரை விழுக்காடு வருகிறது. நாம் 32 என்று சொல்லும்போது அவர் காதில் விழுவது 34 இலட்சத்து 40 ஆயிரம். அன்றியும், வங்கி நாம் சொல்லும் விலையைப் பார்த்துக் கடன் தருவதில்லை. தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பைப் பார்த்தே தருகிறது. மதிப்பீடு 28 ஆனால், மேலுள்ள 4 இலட்சத்தை அவர் தம் கையிலிருந்தே கொண்டுவர வேண்டும். வந்து பார்த்தவர்கள் சொல்லாமல் போனதற்குக் காரணம் வீட்டின் மேலுள்ள வெறுப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இனிக் காத்திருப்பதன் விலைக்கு வருவோம். சரக்கு அலுவலகத்தில் பணிபுரியும் நம் அன்பர்களுக்கு வார்ஃபேஜ் என்னும் சொல் நன்கு தெரியும். வந்திறங்கிய சரக்கைக் குறித்த இலவச நேரத்துக்குள் எடுத்துச் செல்லாவிடில், அது நிலையத்தில் கிடக்கும் நேரத்துக்கெல்லாம் உரியவர் கட்டணம் செலுத்தியாக வேண்டும். விற்கவென்று முடிவு செய்தபின் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் அத்தகைய கட்டணம் உண்டு. அதற்கு ரசீது போடுவார் இல்லாமையால் நாம் அதைக் காண்பதில்லை. அவ்வளவே வேறுபாடு.

ரசீதை நாமே எழுதிப் பார்த்தோம். இன்று 27 இலட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். தங்கையின் வீட்டில் தறிக்காக வாங்கிய கடன் 4 இலட்சம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 96,000 ரூபாய். வீடு விற்றால் அவள் பங்கிலிருந்து அக்கடன் உடனே தீரும். மீதி 23 இலட்சத்தை ஆண்டுக்கு 7 விழுக்காட்டில் வைப்பதாகக் கொண்டால் 1,61,000 ரூபாய். வரி, மின்கட்டணம், ஓட்டையடைப்பு, வெள்ளை, பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பது எல்லாம் 30,000. மொத்தம் 2,87,000 ரூபாய். மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 24,000. நாம் சொல்லும் விலைக்கும் கேட்ட விலைக்கும் இடைவெளி 5 இலட்சம். அதை 24,000ஆல் வகுத்தால் 21 மாதம். அதாவது, இன்றிலிருந்து 21 மாதத்துக்குள் 32 இலட்சம் தருபவர் வந்தால் காத்திருந்தது இலாபம்; அதற்குமேல் போனால் நட்டம். சென்ற 24 மாதத்தில் அப்படி ஒருவரும் வரவில்லை.

வாடகைக்கு விட்டால் இக்கட்டணம் சற்றுக் குறையாதா எனச் சிலர் வினவலாம். குறையும். ஆனால் குடியிருப்பவரை எழுப்பி வீட்டை ஒப்படைப்பது எளிதன்று என்பதால், குடியுள்ள வீட்டை வாங்கத் தயங்குவோர் பலர். விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப நடத்தலே முறை.

வெற்றிருக்கையின் இழப்பை நம் துறையும் அறியும். முந்தைய 30 நாளில் பாதியளவுகூட நிரம்பாத வண்டிகளில், குளிர்சாதன நாற்காலி வகுப்பிலும் அதற்கு மேற்பட்ட எக்சிகியூட்டிவ் வகுப்பிலும் அடிப்படைக் கட்டணத்தை 25 விழுக்காடு வரை குறைக்கலாம் என்று 2023 ஜூலையில் இரயில்வே வாரியம் இசைவளித்தது. வண்டி புறப்பட்டபின் வெற்றிருக்கையை எவருக்கும் விற்க முடியாது. வீடு அப்படியன்று, நாளையும் இருக்கும், மறு ஆண்டும் இருக்கும். அதனால்தான் அதன் இழப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் இக்கணக்கை எழுதியபோது எங்கள் நெஞ்சைத் தைத்தது மொத்தத் தொகை அன்று; அது யார் தலையில் விழுகிறது என்பதே. தமையனாருக்கு மாதச் சம்பளம் வருகிறது. நமக்கும் வருகிறது. எங்கள் இருவருக்கும் காத்திருத்தல் என்பது வராத வட்டி. கையிலிருந்து போவது சிறிதே. தங்கைக்கோ மாதந்தோறும் 8,000 ரூபாய் கையிலிருந்தே போகிறது. ஈராண்டில் அவள் கட்டிய வட்டி மட்டும் 1,92,000. 32 இலட்சத்துக்கே வீடு விற்றாலும், 27இல் விற்பதைவிட அவள் பங்கில் கூடுவது 1,25,000தான். எந்த ஆதாயத்துக்காக அவளைக் காத்திருக்கச் சொன்னோமோ, அதைவிட மிகுதியாக அவள் முன்னரே செலுத்திவிட்டாள். அண்ணன்மார் மனம் கோணலாகாது என்று வாய் திறவாதிருந்தாள்.

கூட்டுச் சொத்துகளில் பெரும்பாலும் நேர்வது இதுவே. காத்திருக்க வசதியுள்ளவர் விலையை முடிவு செய்கிறார். வசதியற்றவர் அதன் செலவைக் கட்டுகிறார். இதில் கெட்டவர் என்று எவரும் இல்லை. கணக்கு எழுதப்படாமையே காரணம்.

தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறன்று நாம் ஆவடி சென்றோம். விலையைக் குறையுங்கள் என்று தமையனாரிடம் நாம் வாதாடவில்லை. "அண்ணா, காத்திருப்போம் என்றாலும் சரி. ஆனால் காத்திருக்க விரும்புகிறவர்கள் அதன் செலவை ஏற்க வேண்டும். தங்கையின் கடனை நாம் இருவரும் ஆளுக்கு இரண்டு இலட்சம் போட்டு அடைத்துவிடுவோம். வீடு விற்றதும் அவள் பங்கில் கழித்துக்கொள்ளலாம், வட்டி வேண்டாம்" என்றோம். அவர் தாளை இரண்டு முறை படித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எட்டாயிரமா கட்டுகிறாள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றார். அன்று மாலையே அவர் தங்கையோடு தொலைபேசியில் பேசினார். சேமநிதியிலிருந்து நாம் பெற்ற தொகையும் அவர் கொடுத்ததுமாகக் கடன் அடைந்தது. அதன்பின் விலை குறித்து அவரே பேச்செடுத்தார்.

இப்போது வீட்டுக்கு நாங்கள் சொல்லும் விலை 28 இலட்சத்து 50 ஆயிரம்; 27க்குக் கீழே இறங்குவதில்லை என்பது நால்வரும் கூடிச் செய்த முடிவு. பங்குனி இறுதி வரை இவ்விலை நிற்கும். அதற்குள் விற்காவிடில் மீண்டும் நால்வரும் அமர்ந்து கணக்கெழுதுவோம். தங்கையின் வட்டி நின்றுவிட்டமையால் எங்கள் மாதக் கட்டணம் 24,000லிருந்து 18,000 அளவுக்கு இறங்கிவிட்டது. அவசரத்தில் கைநழுவ விடும் நிலை இப்போது இல்லை. அன்னையார் சொன்னது ஒன்றுதான்: "யாராவது குடிவந்து விளக்கேற்றட்டும், போதும்."

இதனின்று அன்பர்கள் தமக்கு ஏற்றவற்றை எடுத்துக்கொள்ளலாம். குறைப்பதாயின் ஒரே முறையில், வாங்குவோர் திரும்பிப் பார்க்குமளவு குறைக்க வேண்டும். திங்களுக்கு ஐம்பதாயிரமாகச் சொட்டுச் சொட்டாகக் குறைத்தால், இன்னும் இறங்கும் என்று அவர் காத்திருப்பார். குறைப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். பதிவுத் துறை மதிப்பு விற்பனை விலையைவிட, அவ்விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரிக்கு அத்துறை மதிப்பே விற்ற விலையாகக் கொள்ளப்படும். பெறாத பணத்துக்கு வரி கட்ட நேரிடும். அம்மதிப்பை முன்னரே விசாரித்து அறிக. "பத்திரத்தில் பாதி, கையில் பாதி" என்று எவரேனும் கூறினால் உடன்படாதீர்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. வாங்கிய தொகை அளவுக்கே தண்டமும் உண்டு.

கடன் இல்லை, பணத்துக்கு உடனடித் தேவை இல்லை, ஓய்வுபெற்றபின் ஊருக்குத் திரும்பும் எண்ணமும் உண்டு என்போர் விலையைக் குறைக்க வேண்டுவதில்லை, விற்கவே வேண்டுவதில்லை. வீட்டைத் திறந்து, பழுது பார்த்து, நல்லவரைக் குடிவைப்பார்களாக. விற்றே ஆகவேண்டும் என்போர், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றபடி, காத்திருப்பதையும் அளந்து காத்திருக்க வேண்டும். ஒரு தாளில் கணக்கை எழுதுங்கள். பங்குடையோர் அனைவரையும் அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர்களுள் பேசாதிருப்பவர் யாரோ, அவரிடம் முதலில் கேளுங்கள்.